குதிரையைத் திருப்பி அனுப்பியவள்

எங்கள் ஊர் போர்ட் எல்லிங்கில் மார்லிஸ் டெட்மன் என்றால் எல்லோரும் முதலில் பள்ளிப் பேருந்தைத்தான் சொல்வார்கள். பன்னிரண்டாம் நம்பர் பேருந்து. ஏரிக்கரையில் கிளம்பி மேற்கே பால் பண்ணைகள் வரை போய்த் திரும்பும். விஸ்கான்சின் குளிரில் அந்த வழியை ஓட்டு என்றால் மற்ற ஓட்டுநர்களுக்கு உடனே இடுப்பு வலி வந்துவிடும். மார்லிஸ் அதைக் கேட்டு வாங்கி ஓட்டினாள். கட்டையான உருவம், கனத்த குரல், தலையில் எப்போதும் ஒரு ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி. பெரியவர் சிறியவர் எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். யாரையாவது "மிஸ்டர்" என்று கூப்பிட்டால் அந்த ஆள் அன்றைக்குத் தொலைந்தான் என்று அர்த்தம்.

ஒரு ஜனவரி மாதம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளர் பேருந்துகளில் இருக்கும் இருவழி வானொலியில், "எல்லா வண்டியும் திரும்பி வந்துடுங்க, மிச்சப் பிள்ளைங்களைத் தீயணைப்பு நிலையத்துல இறக்கி விட்டுடுங்க" என்றார். அப்போது மார்லிஸின் பேருந்தில் கடைசிப் பண்ணைப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வானொலி சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவள் பொத்தானை அழுத்தி, "கேட்டுது. மாட்டேன்" என்றாள். பிள்ளைகளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தாள். அதற்காகச் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் திட்டினேன். "கேட்டுச்சே, ஹார்லன்" என்றாள். அவ்வளவுதான். அவளோடு எப்படி வாதாடுவது?

ஹார்லன் நான்தான். அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஸ்ட்ரோபெல் பௌலிங் கூடத்தில் வாடகைக் காலணி கொடுக்கும் மேசை என்னுடையது. கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டத்துக்கு ஊரே வரும். ஊரின் கால் நாற்றம் முழுவதும் என் கையில். மார்லிஸ் பெண்கள் அணியில் நல்ல ஆட்டக்காரி. எண்பத்திரண்டாம் வருடம் குளிர்காலத்தில் அவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பனிக்கட்டிப் பையை வலது கையில் கட்டிக்கொண்டு, உட்கார இடம் தேடிப் பின்னறைக்குள் வந்தாள். சனிக்கிழமை மதியங்களில் அங்கே நாங்கள் வேறொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருப்போம்.

அதை எப்படிச் சொல்வது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். உலகத்தையும், அதில் வரும் அரசர்களையும் அரக்கர்களையும் வாயிற்காவலர்களையும் அவரே பேசி நடத்துவார். எது நடக்கும், நடக்காது என்பதில் சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். நான் மந்திரவாதி. பெயர்தான் பெரிது, பூனை பிறாண்டினால் செத்துப்போகும் அளவுக்குத்தான் உயிர். இறைச்சிக் கடையில் தொத்திறைச்சி போடும் நார்பர்ட் கௌடி திருடன். நடுவர் வெண்டெல் ப்ராஷ், முப்பது வயது, காப்பீட்டு அலுவலகத்தில் பிரீமியம் கணக்கிடும் வேலை. அந்த வேலையை அவன் மேசைக்கும் கொண்டுவந்துவிடுவான்.

"என்ன கண்ணு பண்றீங்க எல்லாரும், சீட்டா?" என்றாள் மார்லிஸ்.

வெண்டெல் விளக்கினான். அவள் பாதியிலேயே, "சரி, எனக்கும் ஒரு ஆளு குடு" என்றாள்.

புது ஆளின் ஆறு குணங்களுக்கும் பகடை உருட்ட வேண்டும். அவள் வலது கை கட்டியிருந்ததால் இடது கையால் உருட்டினாள். மூன்று பகடையும் சேர்த்துப் பதினெட்டு விழுந்தது. அடுத்தது பதினேழு. நார்பர்ட் தன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். அந்த எண்களோடு ஒருவர் பாலடின் ஆகலாம். பாலடின் என்றால் தெய்வத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்த போர்வீரர். எங்கள் ஆட்டத்தில் அதைவிட உசத்தியான வகை கிடையாது. கையை வைத்தால் காயம் ஆறும், நோய் அண்டாது, பக்கத்தில் தீயது இருந்தால் மூக்கில் வாடை அடிக்கும், கூப்பிட்டால் தெய்வமே ஒரு குதிரை அனுப்பும். எத்தனையோ வருடமாக அந்த எண்கள் விழாதா என்று நான் தவம் கிடந்தேன். சுளுக்கின கைக்காரி வந்து முதல் நாளே தட்டிக்கொண்டு போனாள்.

"ஆனா சும்மா கிடைக்காது" என்று வெண்டெல் விரலை உயர்த்தினான். "பாலடினுக்கு நெறி இருக்கு. பொய் சொல்லக் கூடாது. தேவைக்கு மேல தங்கம் வச்சுக்கக் கூடாது. நிராயுதபாணியை வெட்டக் கூடாது. எளியவங்களைக் காப்பாத்தணும். நாட்டோட சட்டத்துக்கும் அதிகாரிகளுக்கும் கீழ்ப்படியணும். ஒண்ணை மீறினாலும் சக்தி எல்லாம் போயிடும். அப்பதான் மத்தவங்களுக்கும் உங்களுக்கும் சமமா இருக்கும். நெறிங்கறது நீங்க கட்டற பிரீமியம்."

"இதுல என்ன கஷ்டம்?" என்றாள் மார்லிஸ். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

தன் வீராங்கனைக்கு ஆர்சில்லா என்று பெயர் வைத்தாள். தெய்வம் அனுப்பிய குதிரைக்குப் பன்னிரண்டு என்று பெயர்.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் பகடை இருக்கும்போது வாயிலிருந்து வருவது எல்லாம் பாத்திரம் பேசியதாகக் கணக்கு. பேசிவிட்டுப் பிறகு "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று பின்வாங்கக் கூடாது. நார்பர்ட் ஒருமுறை பகடையைக் குலுக்கிக்கொண்டே "இந்த ராஜா மூஞ்சி எங்க கடைப் பன்னி மாதிரியே இருக்கு" என்று சொல்லப்போய், நாங்கள் எல்லோரும் பாதாளச் சிறையில் கிடந்தோம். மார்லிஸ் இந்த வழக்கத்தை அவ்வளவு பயபக்தியோடு எடுத்துக்கொண்டாள். ரொட்டியில் தடவும் கடுகுக் குழம்புச் சாடியைத் தள்ளு என்று கேட்பதற்குக்கூடப் பகடையைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். நார்பர்ட்டின் மனைவி சுட்ட கேக் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது பகடை மேசைமேல் இருந்ததை நான் பார்த்தேன். அந்தக் கேக்கை நானும் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில் இந்த ஆட்டம் பிசாசின் வேலை என்று ஒரு புரளி எங்கும் கிளம்பியிருந்தது. எங்கள் லூத்தரன் சபைப் போதகர் அவளைப் பிடித்து, "அந்த ஆட்டத்துல பிசாசு வருதாமே, மார்லிஸ்?" என்று கேட்டார். "வருது, பாஸ்டர். போன வாரம் ஒண்ணை வெட்டினேன்" என்றாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆனால் வெண்டெலுக்கு உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. பிரீமியம் என்றால் கட்டும்போது கொஞ்சமாவது வலிக்க வேண்டும் அல்லவா? இவளுக்கு வலிக்கவே இல்லை. புதையல் கிடைத்தால் தன் பங்கை முதலில் வந்த ஏழைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்து எங்க போறோம் கண்ணு?" என்பாள். உண்மையைச் சொன்னதால் சண்டை வந்தால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவாள். சக்தியும் இருக்கிறது, நெறியும் உறுத்தவில்லை என்றால் அவள் ஓசியில் ஆடுகிறாள் என்று வெண்டெலுக்குப் பட்டது. "இது நியாயமே இல்ல, ஹார்லன். நீங்களும் நார்பர்ட்டும் ஏமாறுறீங்க" என்று என் மேசைக்கு வந்து புலம்பினான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் மந்திரவாதி வைக்கோல் போரில் நெருப்பு வைத்து ஒரு கிராமத்தின் பாதியை எரித்திருக்கிறான். அதற்கு என்ன நெறி? யார் என் மந்திரத்தைப் பிடுங்கினார்கள்? நார்பர்ட்டின் திருடன் ஒரு குருட்டு மணியடிப்பவரின் பூட்ஸைத் திருடினான். அதற்குப் பாத்திரத்தைப் பலமாக்கும் அனுபவப் புள்ளி கொடுத்தான் இதே வெண்டெல். ஒழுங்காக இருக்கிறவளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் சமநிலையா? இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "விதி அப்படி" என்றான்.

அடுத்த அக்டோபரில் அவன் பொறி வைத்தான்.

ஆட்டத்தில் நாங்கள் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் தங்கியிருந்தோம். அந்தச் சீமையின் பிரபு ஒரு குடும்பத்தைத் தூக்கிலிட உத்தரவு போட்டிருந்தான். பஞ்ச காலத்தில் பிரபுவின் களஞ்சியத்திலிருந்து கோதுமை எடுத்த குற்றம். தகப்பன், தாய், இரண்டு பெண் குழந்தைகள். அவர்களை மாவு ஆலைக்குள் ஒளித்து வைத்தோம். பிரபுவின் படைத்தலைவன் ரஸ்க் இருபது வீரர்களோடு வந்து ஆலை வாசலில் நின்றான். நேராக ஆர்சில்லாவிடம் வந்தான்.

"வீராங்கனையே, நீ பொய் பேச மாட்டேன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் வெண்டெல், படைத்தலைவனின் கரகரத்த குரலில். "அவங்க உள்ள இருக்காங்களா?"

நார்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். நானும் புரிந்துகொண்டேன். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் நான்கு உயிர் போகும், எளியவர்களைக் காக்கவில்லை என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சக்தி போகும். வெளியே யாரோ எல்லாக் கட்டைகளையும் ஒரே உருட்டில் சாய்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள்.

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க மார்லிஸ்" என்று கிசுகிசுத்தான் நார்பர்ட்.

"மௌனமும் ஏமாத்துதான்" என்றான் வெண்டெல் சட்டென்று. அதையும் யோசித்து வைத்திருந்தான் பாவி.

மார்லிஸ் பகடையைக் கையில் எடுத்தாள். "இருக்காங்க" என்றாள். "நாலு பேரும் உள்ளதான் இருக்காங்க. இந்த ஆலைக்கு ஒரே கதவு. அந்தக் கதவு நான்தான். வா."

நார்பர்ட் மேசையைக் குத்தினான். அன்று அவள் அந்த வாசலில் நின்று சண்டை போட்டதைப்போல் நான் பிறகு எந்த மேசையிலும் பார்த்ததில்லை. நாங்கள் குடும்பத்தை ஆற்றுப் பக்கச் சன்னல் வழியாகப் படகில் இறக்கி அனுப்பும் வரை ஒருவனும் உள்ளே நுழையவில்லை. ரஸ்க் பாதி வீரர்களோடு பின்வாங்கினான்.

கூச்சல் அடங்கியதும் வெண்டெல் தொண்டையைக் கனைத்தான்.

"ரஸ்க் சட்டப்படி நியமிச்ச அதிகாரி. நாட்டோட சட்டத்துக்கு எதிரா வாளை உருவியிருக்கீங்க. நெறி மீறல். உங்க கை குளிர்ந்து போகுது. காயம் ஆத்தற சக்தி இல்ல. பன்னிரண்டு உங்களைத் திரும்பிப் பார்க்காம காட்டுக்குள்ள போயிடுச்சு. இனிமே நீங்க சாதாரணப் போர்வீரர்."

"அடப்பாவி, வேற என்னதான் பண்ணச் சொல்றே அவங்களை?" என்று கத்தினான் நார்பர்ட். அவனுக்கு மார்லிஸின் நெறி ஒருநாளும் பிடித்ததில்லை. அவனே கத்தினான்.

"பரிகாரம் இருக்கு" என்றான் வெண்டெல் மென்மையாக. அவன் கெட்டவன் இல்லை. அழகான கதை ஒன்று தயார் செய்து வைத்திருந்தான். "பிரபு கோட்டைக்கு வெறுங்காலோட போய், மண்டி போட்டு, செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. அவர் ஒரு கடினமான வேலை குடுப்பாரு. முடிச்சா எல்லாம் திரும்ப வரும். குதிரைகூட."

மார்லிஸ் தன் கையைப் பார்த்தாள். அது நிஜக் கை, சுளுக்கி ஆறின கை.

"நான் செஞ்சது தப்பில்லையே."

"சும்மா ஒரு வார்த்தை..."

"தப்பில்லாததைத் தப்புன்னு சொன்னா அது பொய். பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே, மிஸ்டர் ப்ராஷ்?"

மிஸ்டர் என்றதும் நான் என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அப்ப சக்தி வராது, மார்லிஸ்."

"வர வேண்டாம்."

அவள் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி வர மாட்டாள் என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நார்பர்ட்டுக்கு ஒரு வகையில் கொண்டாட்டம். பிரபுவின் ஆட்கள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராக ஒளிந்து போக வேண்டும். "மார்லிஸ், இப்பதான் நீங்க பாலடின் இல்லையே. இனிமே நிம்மதியாப் பொய் சொல்லலாம்" என்றான். முதல் நகர வாயிலில் காவலன் எங்களை நிறுத்தினான். நாங்கள் துணி வியாபாரிகள் என்று நார்பர்ட் அருமையாக ஆரம்பித்தான். அத்தை பெயர், பட்டின் விலை, கழுதைக்குக் கால் வலி, எல்லாம் சொன்னான். காவலன் மயங்கிவிட்டான். போகிற போக்கில் ஆர்சில்லாவைப் பார்த்து, "நீயும் வியாபாரியாம்மா?" என்றான்.

மார்லிஸ் பகடையை எடுத்தாள். நார்பர்ட் பாய்ந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். நேரமில்லை.

"இல்ல. நான் போர்வீராங்கனை. உங்க பிரபு என்னைத் தேடுறாரு."

அன்று மதிலேறிக் குதித்துத் தப்பியதில் என் மந்திரவாதிக்குக் காலொடிந்தது.

"நீ இப்ப பாலடினே இல்லம்மா!" என்று நார்பர்ட் அலறினான். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"அதுக்கு?" என்றாள் மார்லிஸ்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் இதே கதைதான். சக்தி ஒன்றும் கிடையாது. நெறி மட்டும் அப்படியே. தங்கம் கிடைத்தால் கொடுத்துவிடுவாள். ஆனால் இப்போது அடிபட்டால் ஆற்றிக்கொள்ள முடியாது, நல்ல கவசம் வாங்கக் காசும் இருக்காது. மேசையிலேயே நொந்துபோன பாத்திரம் ஆர்சில்லாதான். பூனைக்குப் பயந்த என் மந்திரவாதியே அவளுக்கு உதவி செய்கிற நிலைமை. வெண்டெலின் கணக்கு உதைத்தது. பொருளைப் பிடுங்கிவிட்டான், இவளோ இன்னும் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறாள்!

ஒருநாள் நான் அவளுக்கு வாடகைக் காலணியை நீட்டும்போது அவனும் பக்கத்தில் வந்து நின்றான்.

"மார்லிஸ், நீங்க இப்படி ஆட வேண்டிய அவசியம் இல்ல. நெறி சக்திக்கான விலை. சக்தி இல்லன்னா விலையும் இல்ல. நீங்களா உங்களைப் பலவீனமாக்கிக்கிறீங்க. ஆட்டத்தோட சமநிலையே கெடுது."

"யார் கண்ணு சொன்னது நான் விலை குடுக்கறேன்னு?"

"புத்தகத்துல..."

"என் பஸ்ஸுல ஏறின பிள்ளையை வீட்டு வாசல்ல விடுறேன். அதுக்காடா எனக்குக் குதிரை குடுக்கறாங்க?"

அவள் காலணியை மாட்டிக்கொண்டு போய் முதல் உருட்டிலேயே ஒன்பது கட்டைகளைச் சாய்த்தாள். நான் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

பனி உருகும் காலத்தில் ஆட்டம் முட்டுச்சந்துக்கு வந்தது. பிரபுவுக்கு எதிராக எழுந்த ஒரு மலைக்கிராமத்தின் மக்களோடு நாங்கள் மூவரும் ஒரு கல்கோபுரத்துக்குள் மாட்டிக்கொண்டோம். குழந்தைகளும் முதியவர்களுமாக நூறு பேருக்கு மேல். சாப்பாடு தீர்ந்துவிட்டது. வெளியே பெரும்படை. அதற்குத் தலைவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ரஸ்க். ஆலை வாசலில் ஆர்சில்லா வெட்டிய தழும்பு அவன் கன்னத்தில் இருந்தது.

நார்பர்ட்டுக்கு ஒரு திட்டம். வெள்ளைக்கொடி காட்டிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, ரஸ்க் அருகே வந்ததும் கழுத்தில் கத்தி. மார்லிஸ் தலையை ஆட்டினாள். வாளைக் கழற்றி வைத்துவிட்டுக் கோபுரத்தை விட்டுத் தனியாக நடந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதாகச் சொன்னாள்.

"ரஸ்க், இந்த ஜனங்களைப் போக விடு" என்றாள், பகடையைப் பிடித்தபடி. "அவங்க மலையைத் தாண்டினதும் நான் தனியா வந்து உன் கையில சரணடையறேன். மத்த ரெண்டு பேருக்கு நான் வாக்கு குடுக்க முடியாது. என் வாக்கு மட்டும்தான்."

வெண்டெல் இருபது முகப் பகடையை எடுத்தான். ரஸ்க் நம்புவானா மாட்டானா என்று உருட்டிப் பார்ப்பதுதான் முறை. சக்தி இருந்த காலத்தில் இந்த மாதிரி உருட்டலுக்கு அவளுக்குச் சலுகை உண்டு. இப்போது கிடையாது. நூறு பேரின் உயிர் அந்தப் பகடையில் இருந்தது.

"உருட்டாதே" என்றாள் மார்லிஸ்.

"உருட்டணும் மார்லிஸ், எதிரி இல்லையா? அவ்வளவு சுலபமா..."

"நீதானே ரஸ்க்? நீயே சொல்லு. ஆலை வாசல்ல என்னை ஒரு கேள்வி கேட்டே. என்ன பதில் கிடைச்சுது?"

வெண்டெல் கையில் இருந்த பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் நல்ல நடுவர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பாத்திரம் என்ன நினைக்கும் என்பதில் அவன் பொய் பேச மாட்டான். இருபது வீரர்களுக்கு முன்னால், சொன்னால் சாவோம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னவள் இவள். அந்த நகர வாயிற்காவலனும் தன்னிடம் அவள் பொய் சொல்லவில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லியிருப்பான். மண்டி போட்டால் எல்லாம் கிடைக்கும் என்றபோதும் போடாதவள். சீமை முழுக்க அந்தக் கதை தெரியும். தெரிய வைத்தவனே வெண்டெல்தான்.

அவன் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"போகட்டும்" என்றான், ரஸ்க்கின் குரலில்.

மக்கள் வெளியேறினார்கள். என் மந்திரவாதி அவர்களோடு போனான். யாராவது வழி காட்ட வேண்டுமே! கோபுரத்தில் ஆர்சில்லாவும் நார்பர்ட்டின் திருடனும் மட்டும். திருடன் முந்தின வாரமே, குழந்தைகளும் முதியவர்களும் போக முடியாத ஒரு குறுகலான சாக்கடை வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"ஜனங்க தப்பிச்சாச்சு" என்றான் நார்பர்ட். "வாங்க மார்லிஸ், சாக்கடையில இறங்கிடலாம். ஒரு பயலுக்கும் தெரியாது. வேலை முடிஞ்சுது."

"நான் வரேன்னு சொன்னேன்."

"அவன் தூக்குல போட்டுருவான்!"

"தெரியும்."

அவள் வாசலைத் தாண்டி நடந்தாள். வெண்டெல் அவள் இரண்டடி வைப்பதற்குள் அவசரமாகப் பேச ஆரம்பித்தான்.

"உங்க கையில சூடு ஏறுது, மார்லிஸ். மேகம் விலகுது. தெய்வம் உங்களைப் பார்க்குது. எல்லாச் சக்தியும் திரும்ப வருது, முன்ன விட அதிகமா! அதோ மலைச்சரிவுல பன்னிரண்டு ஓடி வருது. ஏறி உட்கார்ந்தா ஒரு அம்பும் உங்களைத் தொடாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏறித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

மார்லிஸ் பகடையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"குதிரையைத் திருப்பி அனுப்பு" என்றாள். "ஏறினா என் வாக்கு என்னாகறது? ஆலையில நான் செஞ்சது தப்புன்னு சக்தியை எடுத்தீங்க. இன்னைக்கும் அதேதான் செய்யறேன். இப்ப மட்டும் சரியாயிடுச்சா? உங்க தெய்வத்துகிட்ட சொல்லு, எனக்குக் கூலி வேணாம்."

"மார்லிஸ், தயவு செஞ்சு."

"ரஸ்க், இந்தா வந்துட்டேன்."

வெண்டெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ரஸ்க் அதிகாரி, பிரபுவின் உத்தரவு தூக்கு. அவனை நல்லவனாக மாற்றி எழுதினால் அது வெண்டெல் செய்கிற பொய். அது அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. மரத்தடியில் கயிறு தொங்குவதை அவன் சொல்லத் தொடங்கினான்.

அப்போது நார்பர்ட் தன் பகடையைத் தூக்கினான். கை பிசுபிசுவென்று கடுகுக் குழம்பு.

"நான் சாக்கடையிலிருந்து ஏறி வர்றேன்" என்றான். "அவங்க பக்கத்துல போய் நிக்கறேன். நாசமாப் போக, நிக்கறேன்."

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். "உனக்காக நான் வாக்கு குடுக்கலையே கண்ணு."

"தெரியும். பேசாம இருங்க."

"யாருடா நீ?" என்று கேட்டான் ரஸ்க்.

இத்தனை வருடங்களில் அந்தத் திருடன் துணி வியாபாரியாக, பாதிரியாராக, பிரபுவின் மருமகனாக, ஒருமுறை கைம்பெண்ணாகக்கூட இருந்திருக்கிறான். எந்தக் காவலனிடமும் ஒரு உண்மை சொன்னதில்லை.

"திருடன்" என்றான் நார்பர்ட்.

இருவரையும் ஒரே மரத்தில் தூக்கிலிட்டார்கள். மார்லிஸ் பகடையைக் கீழே வைத்தாள். நார்பர்ட்டின் தோளைத் தட்டினாள். பிறகு அவன் தொடாமல் வைத்திருந்த தொத்திறைச்சி ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புதுப் பாத்திரங்களுக்கு உருட்டினோம். மார்லிஸ் இடது கையாலேயே உருட்டினாள், ராசி என்று. எல்லாம் எட்டும் ஒன்பதுமாக விழுந்தது. கைவேகம் என்ற ஒரு குணத்துக்கு மட்டும் பதினைந்து.

"பாலடின் ஆக முடியாது" என்றான் வெண்டெல். நிம்மதியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. "இந்த எண்ணுக்குத் திருடிதான் சரியா வரும்."

"சரி, திருடி."

"திருடங்களுக்கு நெறி கிடையாது, மார்லிஸ். பூட்டைத் திறக்கலாம், ஏமாத்தலாம், எந்தப் பொய் வேணா சொல்லலாம்."

மார்லிஸ் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பூட்டைத் திறப்பேன்" என்றாள். "யாரு திறந்ததுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லுவேன்."